உட்காராமல் கிளம்பினேன்

வாலிபர் முகாமின் கடைசி இரவு. விளக்குகளைக் குறைத்திருந்தார்கள், பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "ஆண்டவருக்காக எதையும் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறவர்கள் முன்னே வாருங்கள்" என்று பிரசங்கியார் அழைத்தார். முதல் ஆளாகப் போய் முழங்காலில் நின்றது நான்தான். அப்போது எனக்கு 19 வயது. அந்த "எதையும்" என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு படித்து முடித்துக் கணக்குப் பிரிவு வேலைக்குப் போனேன். இத்தனை வருடமாக அடுத்தவர்களுடைய செலவைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சின்னதாக ஒரு சுவர் எழுப்புவதென்றாலும் மதிப்பீடு இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன். எதிர்பாராத செலவுகளுக்கென்று தனியாக ஒரு வரி இல்லையென்றால் கோப்பு திரும்பிப் போய்விடும். அப்படிப்பட்டவனுக்கு, தன் சீஷத்துவத்துக்கும், அதாவது இயேசுவைப் பின்பற்றும் வாழ்க்கைக்கும், ஒரு மதிப்பீடு போட்டுப் பார்க்கவேண்டும் என்று 35 வயதுவரை தோன்றவே இல்லை.

அன்றைக்கு என்னோடு முன்னே போனவர்களில் பலர் இன்று சபைப் பக்கமே வருவதில்லை. பின்வாங்கிப் போய்விட்டார்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களில் பலர் விலை தெரிந்து, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனவர்கள் அல்ல. விலையே சொல்லாமல் கையில் கொடுத்து அனுப்பினோம். பாதி வழியில் பில் வந்தபோது பயந்துபோனார்கள்.

எனக்கு முதல் பில் அலுவலகத்தில் வந்தது. அடுத்த வருடத்துக்குப் போகவேண்டிய ஒரு பில்லை இந்த வருடக் கணக்கில் சேர்க்கச் சொன்னார் மேலாளர். "எல்லா இடத்திலும் நடக்கிறதுதானே, தேதியை மட்டும் மாற்றிப் போடுங்க." முடியாது என்றேன். அதற்குப் பின் வந்த இரண்டு பதவி உயர்வுப் பட்டியலிலும் என் பெயர் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அலுவலகத்தின் மேல் வந்த கோபத்தைவிட ஆண்டவர் மேல் வந்த கோபம் அதிகம். ஏனென்றால் என் மனதில் வேறு ஒரு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உண்மையாயிருந்தால் அவர் உயர்த்துவார். யோசேப்பை உயர்த்தவில்லையா? ஞாயிறு பள்ளியில் கேட்ட கதையில் யோசேப்பு குழியிலிருந்து சிங்காசனத்துக்கு அரைமணி நேரத்தில் போய்விடுவான். ஆதியாகமத்தைத் திறந்து வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதை தொடங்கும்போது அவனுக்கு 17 வயது, பார்வோன் முன் நிற்கும்போது 30. நடுவில் 13 வருடம். அதில் அடிமை வேலையும் இருக்கிறது, பொய்ப் பழியும் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. அந்த நடுப்பகுதியை யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை.

அந்த அலுவலக விஷயத்தில் இன்னொரு பாதியையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மறுத்ததோடு நான் நிற்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் "நான் கிறிஸ்தவன், உங்களைப்போல் செய்யமாட்டேன்" என்று மேலாளரிடம் சத்தமாகச் சொன்னேன். அதன்பின் மற்றவர்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாததைச் சிலுவை என்று எண்ணிக்கொண்டு, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து சொல்லவும் செய்தேன். கொலைகாரன், திருடன் ஆகியோரைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவனாய்" துன்பப்படவும் கூடாது என்கிறார் பேதுரு, முதல் நிருபம் நாலாம் அதிகாரத்தில். பல வருடங்கள் கழித்துத்தான் அந்த வசனம் உறைத்தது. பதவி உயர்வு போனது கிறிஸ்துவுக்காகக் கொடுத்த விலை. நண்பர்கள் போனது என் வாய்க்குக் கொடுத்த விலை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி வைத்திருந்தேன். இன்றைக்கு யாராவது "எனக்கு வேலையிடத்தில் உபத்திரவம், அண்ணா" என்று வந்தால், பிரித்து எழுதச் சொல்லுகிறேன். எது விசுவாசத்தால் வந்தது, எது நம் குணத்தால் வந்தது? சிலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை.

இரண்டாவது பில் வீட்டில் வந்தது. அது பெரியது.

33 வயதில், மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குப் பின், முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு வந்துவிட்டது என்று நிச்சயித்தேன். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மனைவியிடம் சொன்னேன். சாட்சியைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு அழைப்பு வந்தது சரி. எனக்கும் பிள்ளைக்கும் யார் வந்து சொன்னார்கள்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அப்போது அதை விசுவாசக் குறைவு என்றுதான் எடுத்துக்கொண்டேன், எழுதவே கூச்சமாயிருக்கிறது.

பர்மாவுக்கு மிஷனரியாகப் போன அதோனிராம் ஜட்சனைப் பற்றி வாசித்தது அதன் பின்தான். 1810-இல், ஆன் என்ற பெண்ணை மணக்க விரும்பியபோது, அவளுடைய தகப்பனாருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். மாப்பிள்ளை தன் பெருமையைச் சொல்லி எழுதுகிற கடிதமாக அது இல்லை. உங்கள் மகளை இந்த உலகத்தில் இனிப் பார்க்காமலே போக உங்களுக்குச் சம்மதமா, கடல் ஆபத்துக்கும் வறுமைக்கும் அவமானத்துக்கும், ஒருவேளை கொடிய மரணத்துக்கும் அவளை அனுப்பச் சம்மதமா என்று நேராகக் கேட்டிருந்தார். தகப்பன் முடிவை மகளிடமே விட்டார், அவள் சம்மதித்தாள். 1812-இல் கப்பல் ஏறினார்கள். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற 1819 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1824-இல் பிரிட்டிஷாருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டபோது ஜட்சனைத் தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டார்கள். கைக்குழந்தையோடு அலைந்து அவரை உயிரோடு காப்பாற்றியது ஆன்தான். 1826-இல் அவள் இறந்தாள், அப்போது ஜட்சன் பக்கத்தில் இல்லை. கடிதத்தில் இருந்த வரிகளில் பல அப்படியே நடந்தன.

அந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விலையின் பெரும்பகுதியை அடுத்தவர் கட்டப்போகிறார் என்றால், அவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்பது அடிப்படை நேர்மை. நான் என் மனைவியின் பெயரில் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து ரசீதைக் காட்டியிருக்கிறேன்.

ஊழியம் 14 மாதம் ஓடியது. பணக்கஷ்டத்தை ஓரளவு எதிர்பார்த்திருந்தேன், அதனால் அது என்னை வீழ்த்தவில்லை. தனிமையை எதிர்பார்க்கவில்லை. மூன்று பேர் மட்டும் வருகிற கூட்டத்துக்காக வாரம் முழுக்க ஆயத்தப்படுவது எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவின் வைத்தியச் செலவு முழுவதையும் தம்பி ஒருவனே சுமந்தான், "அண்ணன் ஊழியத்தில் இருக்கிறார்" என்று எல்லோரிடமும் எனக்காகப் பேசிக்கொண்டே. நானும் அதை விசுவாசத்தின் பெயரில் ஏற்றுக்கொண்டேன். மாற்கு ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். அதைப் பிரசங்கத்தில் பரிசேயர்மேல் எத்தனையோ தரம் வீசியிருக்கிறேன். கடைசியில் அது என் வீட்டு வாசலிலேயே நின்றது. திரும்பி வேலைக்கு வந்தேன், வேறு இடத்தில், பழையதைவிடக் கீழான பொறுப்பில்.

வந்த புதிதில் சபையில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வேதபாட வகுப்பில் லூக்கா 14 எடுத்தார். கோபுரம் கட்டுகிறவனின் உவமையை வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "இதில் அவன் முதலில் செய்யும் வேலை என்ன?" எல்லோரும் கணக்குப் பார்ப்பது என்றோம். "இல்லையே, அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறதே?" யாருக்கும் தெரியவில்லை. "உட்காருகிறான்" என்றார்.

நானும் நூறு தடவை வாசித்த பகுதிதான். கோபுரம் கட்டுகிறவன் "முன்பு அவன் உட்கார்ந்து" கணக்குப் பார்க்கிறான். பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்கப் போகிற ராஜாவும் "முன்பு உட்கார்ந்து" ஆலோசனை பண்ணுகிறான். இரண்டு உவமையிலும் அந்தச் சொல் இருக்கிறது. அதோடு இதை இயேசு யாரிடம், எப்போது சொல்லுகிறார் என்று பாருங்கள். திரளான ஜனங்கள் அவரோடு நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து, நடக்கிறவர்களிடம் உட்காரச் சொல்லுகிறார். கூட்டம் சேர்க்க நினைக்கிற எவரும் பண்ணாத வேலை. பெரியவர் இன்னொன்றும் சொன்னார். கிரேக்கத்தில் அங்கே "கணக்குப் பார்ப்பது" என்பதற்கு வரும் சொல், கூழாங்கல் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்தில் கல் கல்லாக நகர்த்தி எண்ணுவார்கள். அவசரமாகச் செய்கிற வேலை அல்ல.

நான் 19 வயதில் எழுந்து ஓடியிருந்தேன், 33-லும் ஓடியிருந்தேன். ஒருமுறைகூட உட்காரவில்லை.

அந்த வாரம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மனைவியோடு உட்கார்ந்தேன். அவள் சம்மதித்ததே பெரிய விஷயம். என் தொழில் பழக்கத்தில் பத்தி பத்தியாகக் கோடு போட ஆரம்பித்தேன். "இது ஆபீஸ் இல்லை" என்றாள். சரி என்று கோடுகளை விட்டுவிட்டு நான்கு கேள்விகள் மட்டும் எழுதினோம். கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிந்தால் இப்போது எதை இழக்கக்கூடும்? அதில் என்னோடு சேர்ந்து இழப்பவர் யார், அவருக்குத் தெரியுமா? நான் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டே கட்டிக்கொண்டிருப்பது எது? கீழ்ப்படியாவிட்டால் இழப்பது எது?

முதல் கேள்விக்கு நான் பெரிய பெரிய பதில்களாக எழுதினேன். உயிர், வேலை, மானம். அவள் எழுதியது வேறு மாதிரி இருந்தது: "ஞாயிற்றுக்கிழமை மதியம். நம் இருவருக்குமான ஒரே ஓய்வு நேரம், அதில் எப்போதும் யாராவது பிரச்சினையோடு வருகிறார்கள்." எத்தனை உண்மை! சிங்கங்களுக்கு முன் நிற்கத் தயாராயிருக்கிறவனுக்கு, ஞாயிறு மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. மன்னிக்கவேண்டிய உறவினர், திருப்பிக் கேட்கமுடியாத கடன், நம்மைவிட வயதில் சிறியவர் தலைமையில் வேலை செய்யவேண்டிய சபைப் பணி, இப்படிப் பட்டியல் நீண்டது. இவை எதைப் பற்றியும் யாரும் பாட்டு எழுதுவதில்லை.

மூன்றாவது கேள்வியில் எனக்குத் தெரியாத ஒன்று வெளிவந்தது. விலை தெரியாதவனுக்கு விலை குறைவதில்லை, அவனும் அதே தொகையைத்தான் கட்டுகிறான். ஆனால் ஒவ்வொரு தவணையையும் ஏமாற்றப்பட்டவன்போல் கட்டுகிறான். பதவி உயர்வு போனபோது நான் அப்படித்தான் கட்டினேன். முன்பே தெரிந்திருந்தால் வலி குறைந்திருக்குமா? அப்படி நினைக்கவில்லை. ஆனால் ஆண்டவர்மேல் அந்தச் சந்தேகம் வந்திருக்காது.

நான்காவது கேள்வியைச் சேர்க்கச் சொன்னவர் அந்த ஆசிரியர். செலவுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் கணக்கு பொய் சொல்லும் என்றார். மாற்கு பத்தில் பேதுரு, எல்லாவற்றையும் விட்டு வந்தோமே என்கிறான். இயேசு வரவுப் பட்டியலைச் சொல்லுகிறார்: இம்மையிலே நூறத்தனையாக வீடுகள், சகோதரர், சகோதரிகள். அந்த வரவுப் பட்டியலுக்குள்ளேயே "துன்பங்களோடேகூட" என்று ஒன்றையும் வைத்திருக்கிறார். இத்தனை வருடக் கணக்கு வேலையில் இப்படி ஒரு வரவை நான் பார்த்ததில்லை. பல பிரசங்கங்களில் அந்த ஒரு சொல்லை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம்.

சரி, உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் என்ன ஆகிறது? ஒன்றைச் சொல்லியாகவேண்டும். கணக்கு சரியாக வருவதேயில்லை. பதினாயிரத்துக்கு எதிரே எப்போதும் இருபதினாயிரம் நிற்கிறது. உவமையை முடிக்கும்போது, தனக்கு உண்டானவை எல்லாவற்றையும் விடாதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று முடிக்கிறார். ஆக, போதுமான கையிருப்பு வைத்திருக்கிறவனுக்கு அங்கே இடம் இல்லை. "என்னால் முடியும்" என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல, முடியாது என்று தெரிந்துகொண்டு, தெரிந்தே அவர் கையைப் பிடிப்பதற்காகத்தான் கணக்குப் பார்க்கச் சொல்லுகிறார் என்பது என் புரிதல். இதை வைத்து ஒருவர் வாதாடலாம், ஆட்சேபம் இல்லை.

பேதுருவிடம் எனக்கு இதனால்தான் ஒட்டுதல். காவலுக்கும் சாவுக்கும் உம்மோடு வர ஆயத்தம் என்று அவன் சொன்ன இரவு, அவன் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. விடிவதற்குள் மூன்று முறை மறுதலித்தான். உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் இயேசு அவனை மறுபடி சந்திக்கிறார். இந்தத் தடவை விலையை அவரே சொல்லுகிறார்: நீ முதிர்வயதாகும்போது வேறொருவன் உன் இடுப்பைக் கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான். அதைச் சொல்லிவிட்டுத்தான் "என்னைப் பின்பற்றி வா" என்கிறார். உடனே பேதுரு யோவானைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்கிறான். அடுத்தவனுக்கு எவ்வளவு பில் வரும் என்று பார்க்கிற புத்தி! "உனக்கென்ன?" என்று வந்தது பதில். என் தம்பியின் வசதியான வாழ்க்கையைப் பார்த்து நான் பொருமின நாட்களில் இந்த இரண்டு சொற்களும் எனக்கு உதவியிருக்கின்றன.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 1945 ஏப்ரல் 9-ஐ, ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்ட நாளைச் சொல்லுவார்கள். எனக்கு 1939 ஜூன் மாதம்தான் முக்கியமாகத் தெரிகிறது. நண்பர்கள் ஏற்பாடு செய்து அவரைப் பத்திரமாக நியூயார்க் அனுப்பிவைத்தார்கள். போர் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அங்கே நிம்மதியில்லாமல், யோசித்து, ஜெபித்து, ஒரு மாதம் முடிவதற்குள் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறிவிட்டார். உணர்ச்சிவசப்பட்டு ஓடியது அல்ல அது. விலையைக் குறித்து ஏற்கெனவே எழுதியவர், அந்தச் சில வாரங்களில் தனக்கான கணக்கைப் பார்த்தார். நமக்கு அப்படிப்பட்ட கணக்கு வராமல் போகலாம். ஆனால் முடிவுக்கு முன் அந்த நிம்மதியில்லாத சில வாரங்களை ஒருவருக்கும் மறுக்கக்கூடாது.

அதனால் இப்போது எங்கள் வகுப்பில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்களிடம் அன்றைக்கே முடிவு கேட்பதில்லை. அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். கடினமாக நடந்துகொள்கிறீர்கள் என்று சிலர் குறைப்பட்டார்கள். ஆதிச் சபை ஒழுங்குகளைச் சொல்லும் "அப்போஸ்தல பாரம்பரியம்" என்ற பழைய ஆவணத்தில், வசனம் கேட்க வருகிறவர்கள் 3 வருடம் கேட்கட்டும் என்று இருக்கிறது. விக்கிரகம் செய்கிறவன், கிளாடியேட்டர் என்று, எந்தெந்தத் தொழிலை விட்டால்தான் சேரலாம் என்ற பட்டியலும் உண்டு. ஆர்வமுள்ளவனுக்குக் காலத்தைப் பார்க்கவேண்டாம், நடத்தையைப் பாருங்கள் என்றும் கூடவே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கேட்பது சில வாரங்கள்தான்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு, மறைக்கமாட்டேன். சிலர் தாளை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வரவேயில்லை. உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொன்னதும், ஐசுவரியவானான அந்த வாலிபன் துக்கத்தோடு போனபோது இயேசு பின்னால் ஓடி விலையைக் குறைக்கவில்லை. ஆனால் அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு எழுதுகிறார். போகிறவர்கள்மேல் அந்த அன்பு நமக்கு இருக்கிறதா என்பதைத்தான் நான் அடிக்கடி சோதித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. போனவர்களை இன்றும் போனில் கூப்பிட்டுப் பேசுகிறேன். ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு பையன், 19 வயது, கண்ணெல்லாம் கலங்க வந்து, "இந்த ஞாயிறே எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லுங்க அண்ணா, எதுக்கும் நான் ரெடி" என்றான். அந்த "எதுக்கும்" காதில் விழுந்ததும் எனக்குள் என்னவோ செய்தது. அவன் வீட்டில் இன்னும் யாரும் விசுவாசத்துக்கு வரவில்லை. தாளைக் கொடுத்தேன். முகம் வாடிப்போயிற்று. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். மூன்று வாரம் ஆள் வரவில்லை. இழந்துவிட்டோம் என்றே நினைத்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி, "உங்களுக்கு அந்த வயதில் இப்படி ஒரு தாள் கிடைத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று இரவு அவனிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, முதல் கேள்விக்கு எழுதிட்டேன். ரெண்டாவதுக்கு அம்மாகிட்ட உட்கார்ந்து பேசணும். இன்னும் கொஞ்ச நாள் ஆகும், பரவாயில்லையா?"